அரைச்சுருதி கீழே

மின்வெட்டு ஏழிலிருந்து ஒன்பதரை வரை.
சாட்ஸ்வொர்த்தில் தேசிகன் வீட்டு கராஜ்,
கழற்றிப்போட்ட டொயோட்டா கதவு,
பெயின்ட் டப்பா மேல் ஒட்டிய மெழுகுவர்த்தி,
நாலு பேட்டரியில் ஓடும் கேசட் பெட்டி.

இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஓர் ஆலை நகரத்து நால்வர்
நாங்கள் பிறக்குமுன்னே பாடிவிட்டுப் போனது.
அட்டையில் பெயரில்லை.
நீல மையில் 'திருப்பிக் கொடு' என்று மட்டும்.
யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

ஐம்பது தடவை கேட்டிருப்போம்.
நனைந்த சாக்கை இழுத்துப் போகிறவன் நடைபோல பேஸ் கிட்டார்.
கிணற்றுக்குள்ளிருந்து யாரையோ கூப்பிடும் குரல்.
நாடா கசங்கிய ஓரிடத்தில் மட்டும்
ஓர் அடி விழுங்கிப் போகும்.
அதையும் விழுங்கப் பழகினோம்.
துக்கமென்றால் இந்த வேகத்தில்தான் நடக்கும் என்று
பத்தொன்பது வயதில் மூன்று பேர் முடிவெடுத்தோம்.

பிப்ரவரி வெக்கையில் கறுப்புக் கோட்டு, மெல்லிய டை.
கைமடிப்பில் வியர்வை உப்பு வெள்ளையாய்ப் பூத்தது.
தேசிகன் பனியைப் பற்றிப் பாடினான்.
அவன் பார்த்த பனி
ஃப்ரீசரில் மட்டன் மேல் படிந்ததுதான்.
வாயில் வேறோர் ஊரை அடக்கிக்கொண்டு பாடுவான்;
மைக்கை இடறும் தம்பியை அதட்டும்போது மட்டும்
சொந்த வாய் திரும்பி வரும்.

எங்களைப் பற்றிப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவை வந்தது:
கார்பன் காப்பி.
அம்மாவுக்கு யாரோ தமிழில் சொல்லியிருக்கிறார்கள்.
'அச்சு அசல்னு எழுதியிருக்கானாமே'
என்று வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.
பிள்ளையைத் தூக்கி முகம் பார்த்துச் சொல்கிற சொல் அது அவளுக்கு.
நான் கிழிக்கவில்லை.
தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்தேன்.

எட்டு வருஷம் கழித்து ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு பழைய ரெக்கார்டுக் கடை.
கடைக்காரன் முள்ளை வைத்தான்.
அதே பாட்டு.
ஆனால் அரைச்சுருதி மேலே,
கால் தரையில் நிற்காத வேகம்.
அந்த நால்வரும் குதித்துக்கொண்டிருந்தார்கள்!
எவனோ ஒருவன் சிரிப்பைக்கூட அடக்கவில்லை.
விழுங்கிய அடி
முழுசாக, பளிச்சென்று, அதன் இடத்தில் இருந்தது.

கடை வாசலிலிருந்தே த்ரிவேஷனுக்குப் போன் செய்தேன்.
ப்ராஸ்பெக்டன் கார் ஆலையில் இடைவேளை நேரம்,
பின்னால் இரும்பு இரும்போடு மோதியது.
'தீர்ந்துபோன பேட்டரிடா' என்றேன்.
வெகுநேரம் சிரித்தான். அப்புறம் கேட்டான்:
'அப்ப அந்தக் கனம் எவரெடி கம்பெனியோடதா?'
சங்கு ஊதியது. வைத்துவிட்டான்.

திருடவில்லை என்று நிரூபிக்க இதை எழுதவில்லை.
திருடத்தான் போனோம்.
இருட்டில் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம்.
அந்த வீடு யாருடையது என்று
இன்னும் எனக்குச் சரியாகத் தெரியாது.
சில நாள் எங்களுடையது மாதிரி இருக்கும்.
சில நாள், காலியாக.

போன மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல் ஹால்.
மகளின் பள்ளி நிதிக்காக நடந்த கச்சேரி.
சமோசாத் தட்டோடு பின்வரிசையில் இருந்தேன்.
மூன்று பிள்ளைகள் மேடையேறினார்கள்.
கோட்டு இல்லை, ரப்பர் செருப்பு.
டிரம்ஸில் ஒரு பெண், யுரேஷ்னி என்று அறிவித்தார்கள்.
எங்கள் பாட்டு.
நாங்களே எழுதி, நூற்றைம்பது சிடி அடித்து,
தொண்ணூறை த்ரிவேஷன் அலமாரியில் விட்டுவந்தோமே, அது.

அரைச்சுருதி கீழே, அப்படியே.
தேசிகனின் இரவல் உச்சரிப்பு,
இப்போது இரண்டாம் கை இரவலாக.
எனக்குள் ஏதோ உறுமியது: காப்பி.
உடனே ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது.

கசங்கிய இடம் நெருங்கியது.
நாங்கள் ஓரடி விட்ட இடம்.
என் கால் தானாகத் தூக்கிக்கொண்டது,
ஒன்று எண்ணி இறங்கத் தயாராக.
அந்தப் பெண் குச்சிகளை மேலே பிடித்திருந்தாள்.
இறக்கவில்லை.
இரண்டு விட்டாள்.
ஹாலில் ஒரு மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

என் கால் இன்னும் தரைக்கு வரவில்லை.